ஆறுமணிக்குருவி வருவதற்குள் இரண்டு ஊசி

ஒக்டோபர் மழை தொடங்கும் நாட்களில், பொழுது சாயும் ஆறு மணிவாக்கில், கொழும்பின் ஏதோவொரு வீட்டுக் கோடியிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை எழும். இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவி கடலைத் தாண்டி வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இதை எழுதுவது 2021 ஜூன் நடுப்பகுதியில். கொவிட் காரணமாக மே 21 இரவு தொடங்கிய பயணத்தடைக்குள் இருக்கிறோம். அந்தச் சீழ்க்கைக்கு இன்னும் பதினாறு வாரம் அளவில் இருக்கிறது. அந்தப் பதினாறு வாரத்தில் இரண்டு வேலை முடியவேண்டும். கொவிட் தடுப்பூசி இரண்டும் ஏற்றி முடியவேண்டும். யன்னலிலிருந்து பறவை பார்த்து எழுதும் பதிவு விட்டுப்போகாமல் தொடரவேண்டும்.

ஊசிக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சீனாவின் சைனோபார்ம் தடுப்பூசி என்றால் முதல் டோசுக்கும் இரண்டாவதுக்கும் இடையே நான்கு வாரம். இரண்டாவது ஏறிய பின் உடம்பு முழுத் தயாராக இன்னும் இரண்டு வாரம். இந்த வாரம் முதல் ஊசி ஏற்றுகிறவருக்கு ஜூலை கடைசியில் கணக்கு முடிகிறது. உள்ளான்கள் கால்வாய்க் கரைகளில் வாலாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்குவது ஓகஸ்ட்டில். தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும் கம்பிகளில் வரிசைகட்டுவது செப்டெம்பரில். ஆகவே காலம் போதும், ஆனால் தாராளம் இல்லை. 'கூட்டம் குறையட்டும், அடுத்த மாதம் பார்ப்போம்' என்று ஒரு மாதம் தள்ளினால் இலையுதிர்கால வலசையின் தொடக்கம் போய்விடும்.

ஜனவரி 29ஆம் திகதி தொடங்கிய முதல் சுற்றிலும் அதன் பின்னரும் இந்தியாவில் தயாரான கொவிஷீல்ட் ஏற்றிக்கொண்டவர்களின் நிலை வேறு. அதற்குப் பன்னிரண்டு வாரம் என்பது கணக்கு. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் பலருக்கு இரண்டாவது இன்னும் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் பறவை பார்க்கும் எங்கள் வட்டத்தின் மூத்தவர்கள், ஐம்பது வருடக் குறிப்பேடு வைத்திருப்பவர்கள். ஒரு ஊசி ஏறிவிட்டதே என்று அவர்களை வான் வண்டியில் ஏற்றித் தலங்கம ஈரநிலத்துக்குக் கூட்டிச்செல்லும் யோசனை வேண்டாம். இரண்டாவது வரும்வரை அவர்கள் வீட்டு மாடியில் இருந்தபடியே பார்க்கட்டும், பதிவை நாங்கள் போனில் கேட்டு எழுதுவோம்.

சென்ற ஆண்டு 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை. கொழும்பில் அது தளர மே 26 ஆயிற்று. வலசைப் பறவைகள் திரும்பிப் போவது சரியாக அந்த வாரங்களில்தான். எந்தப் பறவையைக் கடைசியாக எந்த நாளில் கண்டோம் என்ற தகவல் பல குறிப்பேடுகளில் அந்த ஆண்டுக்கு மட்டும் இல்லை. 'வெளியே போகமுடியவில்லை, அதனால் எழுதவில்லை' என்பது எல்லாரும் சொன்ன காரணம். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் மாடி யன்னலுக்கு வெளியேயும் பழுப்பு ஈப்பிடிப்பான் வந்து குந்தும். அதை எழுதியிருந்தால் போதும்.

யன்னலை ஒரு நிலையமாக்குவது

முதல் வேலை ஒரு படம் கீறுவது. ஒரு தாளில் அரைவட்டம் போட்டு, யன்னலிலிருந்து தெரியும் அசையாப் பொருட்களை அதில் குறிக்கவேண்டும்: தண்ணீர்த் தாங்கி, தொலைபேசிக் கோபுரம், கோயில் கோபுரம், மாமரம், அடுத்த கட்டடத்தின் மூலை. ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை போனில் உள்ள வரைபடத்தின் அளவுகோலால் அளந்து மீற்றரில் எழுதிவிடுங்கள். 'அந்தப் பக்கமாகப் பருந்து போனது' என்ற குறிப்பால் ஒரு வருடம் கழித்து எந்தப் பயனும் இல்லை. 'தாங்கிக்கு மேலே, 140 மீற்றர், தெற்கே போனது' என்றால் அது பதிவு.

கதிரையை யன்னலோடு ஒட்டிப் போடாமல் ஒரு மீற்றர் உள்ளே தள்ளிப் போடுங்கள், பின்னால் எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்கும் பறவைக்கு அறை இருட்டுக் குகை போலத் தெரியும், உங்கள் அசைவு தெரியாது. நுளம்பு வலைக்கூடாகப் பைனோகுலரால் பார்த்தால் படம் மங்கும், நிறம் வெளிறும். அந்த ஒரு சட்டத்தைத் திறந்தே வைக்கவேண்டும். கண்ணாடியைத் திறக்க வழியில்லை என்றால் அதற்கு நேர் செங்குத்தாகப் பாருங்கள், சரிவாகப் பார்த்தால் உருவம் இரட்டிக்கும். ஒன்பது மணிக்குப் பின் தகரக் கூரைகளில் எழும் வெக்கையில் தூரத்துப் பறவை நீரில் ஆடுவது போல ஆடும். அப்போது எண்ணவேண்டாம், கிட்டே உள்ளதை மட்டும் பாருங்கள்.

நேரம் பதினைந்து நிமிடம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இந்த மாதத்தில் கொழும்பில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் எழுகிறது; ஆறிலிருந்து ஆறேகால் வரை நல்ல நேரம். தினமும் முடியாதென்றால் வாரத்தில் மூன்று நாள், ஆனால் அதே நாட்கள், அதே நேரம். ஆர்வத்தில் முதல் வாரம் தினமும் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு மூன்றாம் வாரம் கைவிட்டவர்கள்தான் அதிகம். பதினைந்து நிமிடம் ஒரு தேநீருக்குள் முடியும் வேலை, அதனால்தான் அது நிலைக்கிறது. எதுவும் வராத பதினைந்து நிமிடத்தையும் எழுதுங்கள். மழை என்றால் மழை என்று எழுதுங்கள்.

பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இணையச் செயலியான இபேர்ட்டில் ஏற்றுபவர்கள் 'நிலையான எண்ணல்' என்ற வகையைத் தெரிவுசெய்து, கண்டதும் கேட்டதுமான எல்லா இனத்தையும் போட்டு, முழுப் பட்டியல் என்று குறிக்கவேண்டும். காகத்தையும் மாடப்புறாவையும் விட்டுவிட்டு 'நல்ல' பறவையை மட்டும் போடுகிற பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் அது முழுப் பட்டியல் ஆகாது. அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, செயலியை நிறுத்த மறப்பது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மத்தியானம் நினைவு வந்து மூடினால் கால அளவு ஆறு மணித்தியாலம் என்று பதிவாகிவிடும். அனுப்பும் முன் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத் திருத்துங்கள். இடத்தைக் குறிக்கும்போது வீட்டின் மேலேயே குறி வைக்காமல் வீதி முனையில் வைப்பது நல்லது, பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தியவன்னா ஓயாவுக்கென்று செயலியில் உள்ள பொது இடக்குறியைத் தொட்டு, அங்கே போகாமலே வீட்டுப் பறவைகளை அங்கே சேர்த்துவிடுவதும் நடக்கிறது.

'ஊரடங்கில் பறவைகள் பெருகிவிட்டன' என்று எல்லாரும் சொன்னார்கள். அதைச் சொல்லும் முன் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். 2019இல் சனிக்கிழமை காலையில் மட்டும் பார்த்தவர் 2020இல் நாள் முழுக்க யன்னலருகே இருந்தார். கூடப் பார்த்ததால் கூடத் தெரிந்தது. அதனால் இனங்களின் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடாமல், இருபது எண்ணல்களில் எத்தனையில் ஒரு பறவை தென்பட்டது என்று ஒப்பிடுங்கள். தையல்சிட்டு சென்ற மாதம் இருபதில் பதினாலு, இந்த மாதம் இருபதில் ஒன்பது என்றால் அதில் ஏதோ செய்தி இருக்கிறது.

காகமும் குயிலும்

கொழும்புக்காரருக்குக் காகத்தை எண்ணச் சொன்னால் சலிப்பு வரும். ஆனால் யன்னலிலிருந்து செய்யக்கூடிய எண்ணல்களில் மிகச் சிறந்தது மாலையில் அடையப்போகும் காகங்களின் கணக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள வெளியை ஒரு வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை 6.00 முதல் 6.30 வரை, ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் முதல் ஒரு நிமிடம் மட்டும் அந்த வாசலைக் கடப்பவற்றை எண்ணவேண்டும். ஆறு எண்கள் கிடைக்கும். உதாரணமாக 12, 20, 41, 55, 30, 9 என்றால் கூட்டுத்தொகை 167. ஐந்தால் பெருக்க ஏறத்தாழ 835. முப்பது நிமிடமும் விடாமல் எண்ணப் போனால் உச்சத்தில் கண் தடுமாறிக் கணக்கு குலையும், இந்த முறையில் குலையாது. எதிர்த் திசையில் திரும்புபவற்றைக் கழித்துவிடுங்கள். கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக்காகம், முழுக்கக் கறுப்பும் தடித்த அலகும் என்றால் அண்டங்காகம். இரண்டையும் ஒரே எண்ணில் போடவேண்டாம்.

சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகளில் எண்ணலைச் சோறு வைக்கும் முன் முடியுங்கள். வைத்த பிறகு எண்ணினால் அது சோற்றுக்கு வந்த கூட்டத்தின் கணக்கு. ஒரு பிடி போதும். கால் மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துத் தட்டைக் கழுவிவிடவேண்டும். இரவில் கிடக்கும் பருக்கைக்கு எலி வரும், எலி வந்தால் அடுத்த வீட்டாரோடு மனஸ்தாபம் வரும், பிறகு பறவை பார்ப்பவர் என்றாலே தொடர்மாடியில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

மே முதல் ஓகஸ்ட் வரை காகம் கூடுகட்டும் காலம். மழைமரம், மாமரம் எதன் கவட்டிலாவது கம்பியும் சுள்ளியுமாக ஒரு கூடு உங்கள் மட்டத்தில் தெரிந்தால் அது பெரிய வாய்ப்பு. கீழே நின்று பார்ப்பவருக்குக் கிடைக்காத கோணம் நான்காம் மாடிக்குக் கிடைக்கிறது. முதலில் ஆண் குயில் வரும். கரிய உடல், இரத்தச் சிவப்புக் கண். கூட்டுக்கு எதிரே வெளிக்கொப்பில் குந்தி, ஒளியாமல், உரத்துக் கூவும். காகங்கள் இரண்டும் பாய்ந்து துரத்தும். அந்த இடைவெளியில், அதுவரை இலைக்குள் அசையாமல் இருந்த புள்ளிபோட்ட பழுப்புப் பெண்குயில் கூட்டில் இறங்கி எழும். கொட்டாவி விட்டால் தவறிப்போகும் அளவு நேரம்தான். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிக்கும். காக முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாள் கூட வேண்டும். அதனால் குயில்குஞ்சு முந்திக்கொள்கிறது. தேதிகளைக் குறித்துவைத்தால் காகம் ஊட்டும் கரிய குஞ்சை நீங்கள் எந்த வாரத்தில் எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரியும். பெண்குயிலை வைரி என்றும் வேறேதோ அரிய பறவை என்றும் பதிவுசெய்வது புதியவர்கள் எல்லாரும் விடும் பிழை. வைரியின் அலகு வளைந்தது, கண் மஞ்சள் முதல் சிவப்பு வரை, மார்பில் குறுக்குக் கோடு. குயிலின் அலகு வெளிர்பச்சை, கொக்கி இல்லாதது.

காதால் பார்ப்பது

வாகனம் ஓடாத நாட்களில் காலி வீதியிலிருந்து நூறு மீற்றர் உள்ளே உள்ள வீட்டுக்குக்கூடக் குக்குறுவானின் குரல் கேட்டது. பறவை உரக்கக் கத்தியதால் கேட்டது என்று நினைக்கத் தோன்றும். சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியில் வெண்கொண்டைச் சிட்டுகளை ஆராய்ந்து 2020இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு நேர்மாறானது: இரைச்சல் குறைந்ததும் அவை தாழ்ந்த குரலிலேயே பாடின, ஆனால் பாட்டு முன்னையதைவிட இரு மடங்கு தூரம் எட்டியது. நமக்கும் அதுதான் நடந்திருக்கவேண்டும். குரலைப் படிக்க இதைவிட நல்ல காலம் வராது.

முதலில் பதினொரு குரல் போதும். செண்பகம் ஆழ்ந்த 'ஊப் ஊப் ஊப்' என்று குடத்துக்குள் இருந்து வருவது போல. பெரிய குக்குறுவான் 'குட்ரூ குட்ரூ' என்று விடாமல்; சிறிய குக்குறுவான் 'டொக் டொக்' என்று சுத்தியல் போல, வேகமாக. தையல்சிட்டு உருவத்துக்குப் பொருந்தாத உரப்பில் 'டுவிட் டுவிட்'. பூக்கொத்தி காய்ந்த சுள்ளி முறிவது போல 'சிக் சிக்', பெரும்பாலும் ஜாம் மரத்தின் உச்சியில். வெண்தொண்டை மீன்கொத்தி கனைப்பு போல இறங்கும் சிரிப்பு. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே நேரத்தில் எல்லாம் பேசும். குயில், கிளி, கொண்டைக்குருவி, குண்டுக்கரிச்சான் நான்கும் அநேகருக்கு ஏற்கெனவே தெரியும்.

போனில் ஒலிப்பதிவு செய்யும்போது மடித்த துவாயின் மேல் வைத்து யன்னல் விளிம்பில் கிடத்துங்கள். துவாய் இல்லாமல் வெறும் விளிம்பில் வைத்தால் தண்ணீர்ப் பம்பின் அதிர்வும் சேர்ந்து பதியும். சுருக்காத 'வேவ்' கோப்பாகச் சேமிக்கவேண்டும், தொடக்கத்தில் திகதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். பதிவுசெய்த குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். இது கூட்டுக் காலம். எதிரி வந்துவிட்டான் என்று அடைகாப்பதை விட்டுவிட்டுப் பறவை அலையும்.

தெரியாத குரல் என்றால் அலட்சியப்படுத்தாமல் எழுதிவைக்கவேண்டும். 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட கித்துல்கலக் காட்டில் கேட்ட ஓர் அடையாளம் தெரியாத குரலுக்கு உரிய பறவை 2001இல்தான் கண்ணில் பட்டது. 2004இல் அது அறிவியலுக்குப் புதிய ஆந்தை இனமாக விவரிக்கப்பட்டது.

தண்ணீர்ச் சட்டி

ஜூன் என்றாலும் தொடர்மாடி மேல்தளத்தில் பறவைக்குத் தண்ணீர் தேவை. முப்பது சென்டிமீற்றர் அகலமான மண்சட்டி, தண்ணீர் இரண்டு மூன்று சென்டிமீற்றருக்கு மேல் வேண்டாம், நடுவே சொரசொரப்பான ஒரு கல். பளபளப்பான பீங்கான் தட்டில் தேன்சிட்டின் கால் வழுக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தால் தென்மேல் பருவக்காற்று ஒருநாள் கீழே தள்ளிவிடும், ஆகவே தரையில் அல்லது கம்பியால் கட்டி. கண்ணாடிக் கதவிலிருந்து ஒரு மீற்றருக்குள் வைக்கலாம், அல்லது பத்து மீற்றருக்கு அப்பால். இரண்டுக்கும் நடுவே வைத்தால் வெருண்டு எழும் பறவை முழு வேகம் பிடித்துக் கண்ணாடியில் மோதும்.

நுளம்புதான் இங்கே உண்மையான சிக்கல். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. தினமும் ஊற்றிவிட்டுத் தேங்காய்ப் பொச்சால் உட்சுவரை நன்றாகத் தேய்க்கவேண்டும். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதார பரிசோதகர் வரும்போது 'பறவைக்கு வைத்தது' என்பது பதில் ஆகாது. காகம் காய்ந்த பாணையும் எலும்பையும் கொண்டுவந்து சட்டியில் ஊறவைக்கும், அதனாலும் தினமும் தேய்ப்பது அவசியம். கழுவிய பின் சவர்க்காரத்தால் இருபது வினாடி கை கழுவுங்கள். அது எச்சத்தில் உள்ள கிருமிகளுக்காக. கொவிட்டைப் பறவை கொண்டுவரும் என்று பயந்து சட்டியை எடுத்துவிட்டவர்கள் திரும்ப வைக்கலாம். கோழியிலும் தாராவிலும் செய்த சோதனைகளில் அவற்றுக்கு அந்த வைரஸ் தொற்றவில்லை.

அலுமாரியில் தூங்கிய பைனோகுலர்

வெளியே போகாத மாதங்களில் பைனோகுலர்களுக்கு நேர்ந்ததுதான் மனதை வருத்துகிறது. உறைக்குள் போட்டு, தோல்பை வாசத்தோடு அலுமாரியில் பூட்டி வைத்தவை பூஞ்சணம் பிடித்து வெளியே வந்தன. கொழும்பின் ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். அறுபதுக்கு மேலேயே பூஞ்சணம் வளரும். இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பைனோகுலரைத் திருப்பி, பெரிய வில்லைப் பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்த மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சணம். வெளிவில்லையில் இருந்தால் துடைத்துச் சமாளிக்கலாம், உள்ளே இருந்தால் திறக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும். மற்றக் கருவிகளோடு அதை ஒரே பெட்டியில் வைக்கவேண்டாம், பரவும்.

காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதில் நூறு கிராம் அளவு சிலிக்கா ஜெல் ஒரு துணிப்பையில், சின்ன ஈரப்பத மானி ஒன்று. மானி நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே நிற்கவேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன. சமையலுக்குப் பாவிக்காத ஒரு தாச்சியில் மெல்லிய நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறினால் நீலம் திரும்பும். நிறம் மாறும் அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு உண்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது பயன் தராது. ஈரமும் அவ்வளவு இறங்காது, தவிட்டுத் தூள் மூட்டுகளுக்குள் போய்விடும்.

கைச் சுத்திகரிப்புத் திரவம் போட்டால் கை முழுக்கக் காயும்வரை, முப்பது வினாடியாவது, பைனோகுலரைத் தொடவேண்டாம். நுளம்பு விரட்டும் களிம்பும் அப்படியே, றப்பர் உறையை இளக்கிவிடும். வில்லையில் அவற்றை விடவே கூடாது. கண் பதியும் வளையத்தை மட்டும் சவர்க்கார நீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

விளக்கில் கூடு

செங்குதக் கொண்டைக்குருவி இங்கே வீட்டுக்குள்ளேயே கூடுகட்டும், விறாந்தை விளக்கின் மேலும் தொங்கும் பூச்சட்டியிலும். இந்த மாதங்களில் எல்லாரும் வீட்டில் இருப்பதால் கேள்விகள் நிறைய வருகின்றன. இரண்டு மூன்று முட்டை, பொரிக்க இரண்டு வாரத்துக்குள், பறக்க மேலும் இரண்டு வாரத்துக்குள். ஆக மொத்தம் நான்கு வாரம் பொறுக்கவேண்டும். அந்த அறையின் மேல்விசிறியின் ஆளியில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், வீட்டுக்குள் கூடுகட்டும் கொண்டைக்குருவிக்கு விசிறிதான் எமன். விளக்கைப் போடாதீர்கள், யன்னலின் ஒரு சட்டத்தை விடியற்காலையிலிருந்து திறந்து வையுங்கள். மூன்று மீற்றருக்குள் நெருங்கிப் போன் கமராவால் படம் எடுத்தால் தாய் எழும்பும், அதைக் காகம் கவனிக்கும்.

முகக்கவசம், கடல், குளம்

முகக்கவசத்தோடு பைனோகுலர் பாவிக்கும்போது மூச்சுக்காற்று மேலே எழுந்து கண்வில்லை பனிக்கும். மூக்குக் கம்பியை மூக்கெலும்போடு அழுத்திவிட்டு, பத்து சென்டிமீற்றர் நீளமான மருந்துக்கடைக் காகித ஒட்டுநாடாவைக் கவசத்தின் மேல் விளிம்பில் கன்னத்திலிருந்து கன்னம்வரை ஒட்டினால் நிற்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைச் சவர்க்காரத்தால் கழுவித் துடைக்காமல் காயவிட்டாலும் பனிப்பு குறையும்.

மரைன் டிரைவ் பக்கத்துத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் கடலைப் பார்க்கவேண்டும். கொழும்புக்கு அப்பால் நின்ற எக்ஸ்-பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் 2021 மே 20ஆம் திகதி தீப்பற்றிய பின் பிளாஸ்டிக் குருணை கரையெங்கும் ஒதுங்கியது. இறந்த பறவையோ ஆமையோ கண்டால் கையால் தொடாமல் படமெடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் இதே கடலில் பழுப்பு முதுகும் வெண்புருவமும் கொண்ட ஆலாக்கள் தெற்கு நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் போகும். இருபது மடங்கு டெலஸ்கோப் இருந்தால் மாடியிலிருந்தே தெரியும், கரைக்குப் போகவே தேவையில்லை.

கட்டுப்பாடு தளர்ந்ததும் எல்லாரும் ஒரே நாளில் தலங்கமவுக்கும் பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களுக்கும் ஓடாமல் இருக்கவேண்டும். 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. வெள்ளவத்தைக் கால்வாய், பேரை வாவி, பெல்லன்வில என்று பலருக்கும் கிட்டவே ஓர் ஈரநிலம் இருக்கிறது. முதல் மாதம் இருவர் இருவராக, நடந்து போகும் தூரத்துக்குள் போதும். பழையபடி பன்னிரண்டு பேர் ஒரே வான் வண்டியில் யன்னலை மூடிக் குளிரூட்டியோடு போவதுதான் பயணத்திலேயே ஆபத்தான பகுதி, குளக்கட்டில் நிற்பது அல்ல. டெலஸ்கோப்பில் மாறிமாறிக் கண் வைக்கவும் வேண்டாம். போனைப் பிடிக்கும் சட்டம் ஒன்றை அதன் கண்வில்லையில் பொருத்தினால் ஒரு மீற்றர் தள்ளி நின்றே நான்கு பேர் திரையில் தாழைக்கோழியைப் பார்க்கலாம். படம் ஓரத்தில் கறுத்தால் போனின் கமராவும் கண்வில்லையும் ஒரே கோட்டில் இல்லை. சட்டத்தின் திருகைத் தளர்த்தி, வட்டம் முழுதாகும்வரை மெல்ல நகர்த்துங்கள்.

ஊசி ஏற்றும் நாள்

தேசிய அடையாள அட்டையோடு போங்கள். பைனோகுலரைத் தூக்கும் கை எதுவோ அந்தக் கையில் போடாமல் மற்றதில் போடச் சொல்லுங்கள். ஓரிரு நாள் தோள் நோகும், அந்த நாட்களில் கதிரைக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிப் பாருங்கள். காய்ச்சல் காய்ந்தால், மருத்துவர் வேறு சொல்லியிராவிட்டால், பெரியவர்கள் பனடோல் இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. தடுப்பூசி அட்டையை வந்ததும் லமினேட் செய்துவிட வேண்டாம், இரண்டாவது டோசை அதில்தான் எழுதவேண்டும். படம் மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் அங்கேயே உட்காரவைப்பார்கள். ஊசி போடும் இடம் பெரும்பாலும் பாடசாலை, பாடசாலை என்றால் முற்றத்தில் மரம். ஒரு முழு எண்ணலுக்கு அளவான நேரம் அது.

இரண்டாவது ஊசியும் முடிந்த வீடுகளில் செப்டெம்பர் கடைசிக்குள், கண்ணாடியில் மோதி விழும் பறவைக்கென்று ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து வைக்கவேண்டும். மூடியில் பென்சில் பருமனில் ஆறு துளை, அடியில் மடித்த பழந்துணி. கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீற்றர் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிவிட்டால் பெட்டிக்கு வேலை வராமலும் போகலாம். ஒக்டோபரில் களைத்து இறங்கும் ஆறுமணிக்குருவி இரவில் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியில் மோதி விறாந்தையில் கிடப்பது கொழும்பில் ஆண்டுதோறும் நடக்கிறது. எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், சோறு ஊட்டவேண்டாம், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று திரும்பத் திரும்பத் திறக்கவேண்டாம். பகல் என்றால் இரண்டு மணித்தியாலம், இரவு என்றால் விடியும்வரை. பிறகு பெட்டியைக் கோடியில், பற்றையோரம், பூனை இல்லாத பக்கமாகப் பார்த்து வைத்து மூடியை மட்டும் எடுத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள்.